கடைசி மடக்கு யாருடையது?

வெலிங்டனில் பயிற்சி முடித்து மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை என் இடுப்பை விட்டு இறங்காத சாமான் தண்ணி பாட்டில். எங்களுக்கு முந்தைய தலைமுறை, இரண்டாம் உலகப் போருக்குப் போன இந்தியச் சிப்பாய்கள், சுமந்தது இரும்புத் தகட்டில் நீல எனாமல் பூசிய பாட்டில். இரண்டு பைன்ட் பிடிக்கும். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. தக்கை தொலையாமலிருக்கக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். மேலே காக்கிக் கம்பளி உறை. அதை நனைத்துவிட்டால் ஈரம் உலர உலர உள்ளே தண்ணீர் குளிரும், மண்பானை மாதிரி. அமெரிக்கர்கள் 1910 மாடலில் அலுமினியத்துக்கு மாறி, அடியில் கச்சிதமாகப் பொருந்தும் குவளை ஒன்றையும் சேர்த்தார்கள். எங்களுக்கு வந்தது பச்சை பிளாஸ்டிக். எதில் செய்தாலும் கணக்கு ஒன்றுதான்: ஆளுக்கு ஒன்று. அவனவன் தாகம் அவனவன் இடுப்பில்.

இந்தக் கணக்கு நியாயமா? யூதர்களின் தால்மூத்தில், பாபா மெட்சியா என்ற பகுதியில், இதை நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வழியில் இருவர் போகிறார்கள். ஒருவன் கையில் மட்டும் தண்ணீர். இருவரும் குடித்தால் இருவரும் சாவார்கள். ஒருவன் குடித்தால் அவனாவது ஊர் போய்ச் சேருவான். இருவரும் குடித்துச் சாகட்டும், ஒருவன் சாவை மற்றவன் பார்க்க வேண்டாம் என்றார் பென் பெதூரா. உன் உயிர்தான் முதலில் என்று தீர்த்தார் ரபி அகிவா.

பட்டாளத்தில் இந்த வழக்கு வேறு விதமாக வரும். இரவு ரோந்தில் பாதி பாட்டில் ஆபத்து. நடக்க நடக்கச் சளக் சளக்கென்று அலம்பும்; ராஜஸ்தான் மணலில், காற்றில்லாத ராத்திரியில், அது எங்கேயோ கேட்கும். ஆகவே பாட்டில் முழுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக. எங்கள் செக்ஷனில் ஒருவன் மூடியைத் திறந்தால், அது கைமாறிக் கைமாறி வற்றிய பிறகுதான் அடுத்த மூடி திறக்கும். ஊரில் உதடு படாமல் அண்ணாந்தே குடித்துப் பழகிய திருநெல்வேலிப் பையனும் அங்கே வாய் வைத்துத்தான் குடித்தான். இருட்டில் அண்ணாந்தால் பாதி சட்டைக்குப் போய்விடும். பாட்டிலில் என் நம்பர் இருந்தது. தண்ணீர் என்னுடையதாக இருந்ததில்லை.

இதை அறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சத்தம் கேட்டால் எல்லோரும் சாவோம் என்ற பயம்தான் எங்களைப் பங்குபோட வைத்தது. பயமும் உத்தரவும் இல்லாத இடத்தில் என்ன செய்கிறோம் என்பதல்லவா கேள்வி? சீக்கிய நண்பர்களோடு குருத்வாராவுக்குப் போனபோதுதான் பாய் கன்னையாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1700களின் தொடக்கத்தில், ஆனந்த்பூர் சண்டைகளில், தோல் பையில் தண்ணீர் சுமந்து, காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாராம், எதிரிகளுக்கும் சேர்த்து. தெம்பு வந்ததும் மறுபடி வாளெடுப்பானே என்று சக வீரர்கள் குரு கோவிந்த் சிங்கிடம் முறையிட்டார்கள். எல்லா முகத்திலும் உங்களைத்தான் பார்த்தேன் என்றார் கன்னையா. குரு கண்டிக்கவில்லை, காயத்துக்கு மருந்தும் போடு என்று களிம்பு கொடுத்து அனுப்பினார். முறையிட்டவர்களின் கவலை எனக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் எந்த நாட்டுக்காரனானாலும் காயம்பட்டவனைக் கவனிக்க வேண்டும் என்று 1864 ஜெனிவா ஒப்பந்தம் எழுதியபோது, ஜெயித்தது கன்னையாவின் கட்சிதான்.

ஆனால் கன்னையாவின் பையில் தண்ணீர் இருந்தது. ஒரு மடக்கு மட்டும் மிஞ்சியவன் என்ன செய்வான்? 1586இல் நெதர்லாந்தின் ஸுட்ஃபென் சண்டையில் தொடையில் குண்டுபட்ட ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னி, தனக்கு வந்த தண்ணீரை வேறொரு சிப்பாய்க்குக் கொடுத்தார் என்று நண்பர் கிரெவில் எழுதிவைத்திருக்கிறார். சில வாரங்களில் சிட்னி இறந்துபோனார்.

உயிரைப் பணயம் வைக்கப் பட்டாளம் உத்தரவிடலாம். அதற்குச் சத்தியம் செய்துதான் சேர்ந்தோம். ஆனால் கடைசி மடக்கைப் பக்கத்தில் கிடப்பவனுக்குக் கொடு என்று பயிற்சி கொடுத்த எந்த உஸ்தாதும் சொல்லித் தந்ததில்லை. அப்படிச் சொல்லவும் கூடாது. தாகத்தில் கிடப்பவனைப் பார்த்து அடுத்தவன் 'கொடு' என்று சொல்வது தியாகம் ஆகாது, பறிப்பு. அகிவா காப்பது அந்தத் தாகக்காரனைத்தான். ஆகவே மற்றவர்களுக்கு நான் சொல்லும் தீர்ப்பு அகிவாவுடையது. எனக்கென்று வந்தால் நீட்டுவேனா, குடிப்பேனா என்பதில் மட்டும் அவர் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.