மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். தப்பு செய்யாதவனுக்கு அச்சம் எதற்கு என்ற பொருளில்தான் இப்போது அது புழங்குகிறது. ஆனால் அந்தச் சொலவடை பிறந்தது துணியில். வேட்டியையோ சேலையையோ இடுப்பில் சுற்றி, ஒரு மடிப்பைச் சுருட்டிச் செருகி, அதற்குள் காசை வைத்துக்கொண்டு நடந்த காலம் அது. காசு உள்ளவனுக்குக் கள்ளன் பயம், இல்லாதவன் கைவீசி நடக்கலாம். இல்லாதவள் கைவீசி நடக்கலாம் என்று யாரும் சொலவடை கட்டவில்லை, கவனியுங்கள்.

2014 ஜனவரியில் இந்தச் சொலவடையைத் தலைகீழாகத் திருப்பும் பொருள் ஒன்று சந்தைக்கு வந்தது. கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்கென்று சொல்லி ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் நிர்பீக். எடை ஏறக்குறைய அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு ஊடகங்கள் வைத்த பெயர் நிர்பயா. இரண்டு சொல்லுக்கும் அச்சமற்ற என்பதே பொருள். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு விற்பதென்றால் துப்பாக்கியும் நகையாகத்தான் வரவேண்டும் போல. மடியில் கனம் வை, வழியில் பயம் போகும் என்பதுதான் அந்தப் பெட்டி சொன்ன செய்தி.

அந்த விலைக்கு எங்கள் வத்தலக்குண்டில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் ஒரு பெண் எத்தனை நாள் குனிய வேண்டும் என்ற கணக்கை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என்னை இழுத்தது வேறு கேள்வி. வாங்கிய பிறகு அதை உடம்பில் எங்கே வைப்பாள்?

உரிமம் பெற்றவர்கள் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறையில், வெளியே தெரியாதபடி மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். அந்த உறையைத்தான் ஹோல்ஸ்டர் என்கிறார்கள். அதைச் செய்பவர்களுக்கு நான்கு கவலைகள். வெளியே தெரியக்கூடாது, கீழே விழக்கூடாது, வேண்டும்போது உடனே கைக்கு வர வேண்டும், நாள் முழுக்க அணிந்தாலும் வலிக்கக்கூடாது. நான்கும் ஒன்றாக அமைவதில்லை. மெத்தென்ற துணி உறை உடம்புக்கு இதம், ஆனால் விசையை வெளியிலிருந்து எதுவும் அழுத்தாமல் காக்க அதற்குத் திடம் போதாது. கெட்டியான பிளாஸ்டிக் உறை விசையைக் காக்கும், இடுப்பெலும்பைக் குத்தும். முன்வயிற்றில் செருகினால் மறையும், உட்கார்ந்தால் அடிவயிற்றில் இடிக்கும். இறுக்கிப் பிடிக்கும் உறையிலிருந்து உருவ நேரமாகும், இளக்கமான உறையிலிருந்து நழுவிவிடும்.

இத்தனைக்கும் அளவு எடுத்தது ஆணின் இடுப்பில். நேராக இறங்கும் இடுப்பில் உறை தட்டையாகப் படியும். இடை குறுகி இடுப்பு அகன்ற உடம்பில் உறையின் அடிப்பாகம் வெளியே தள்ளப்பட்டு, துப்பாக்கியின் கைப்பிடி விலாவில் போய்க் குத்தும். உடற்பகுதி குட்டையாக இருந்தால் அதை உருவ முழங்கையைக் காதுவரை தூக்க வேண்டும். உறையைக் கீழே இறக்கி, உடம்பிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடும் பெண்கள் வடிவம் பிற்பாடு வந்தது. அது குத்தாது, வெளியே தெரியும். வலிக்கிறதா, தெரிகிறதா, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறது அந்த வடிவம். இந்தப் பேரம் நமக்குப் புதிதல்ல, உள்ளாடைக் கடையில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

போதாததற்கு எந்த உறைக்கும் அதைத் தாங்க ஒரு கெட்டியான பெல்ட் வேண்டும். சேலை கட்டியவளுக்குப் பெல்ட் என்றால் பாவாடை நாடாதான். ஆண்டுக்கணக்கில் அது இறுகிய இடத்தில் தோல் கறுத்து, புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயாகவே மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெறும் துணியைத் தாங்குவதற்கே இடுப்பு கொடுக்கும் விலை இது.

சரி, உடம்பில் வேண்டாம், பையில் வைக்கலாமே? அமெரிக்காவில் 2014 டிசம்பர் 30 அன்று, ஐடஹோ மாநிலத்து வால்மார்ட் கடையில் ஒரு தாயின் கைப்பைக்குள் இரண்டு வயதுக் குழந்தை கையை விட்டது. துப்பாக்கியை மறைத்து வைக்கவென்றே தனி அறை தைத்த பை அது. குண்டு பாய்ந்து தாய் இறந்தாள். இரண்டே நாளில், 2015-இன் முதல் நாளன்று, மிச்சிகனில் இன்னொரு பெண் மார்க்கச்சில் மாட்டும் உறையில் இருந்த துப்பாக்கியைச் சரிசெய்யும்போது அது வெடித்து, மறுநாள் இறந்தாள். பையில் வைத்தால் பிள்ளை எடுக்கிறது, உடம்பில் வைத்தால் உடம்பையே பார்க்கிறது. இருவரும் கவனமில்லாதவர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். பிள்ளையைக் கவனி, பையைக் கவனி, ஆடையைக் கவனி, அந்நியனைக் கவனி என்று ஒரே ஆளிடம் கேட்கும் கவனத்துக்கு அளவு என்று ஒன்று உண்டா என்பதே என் கேள்வி.

மறைத்து வைப்பது எல்லாமே கேடு என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் சந்தையில் இடுப்பில் சுருக்குப்பை செருகிய கிழவிகளை இன்றும் பார்க்கலாம். வெற்றிலை, பாக்கு, அடியில் நாலாக மடித்த நோட்டு. கயிற்றை இழுத்தால் வாய் மூடும், எவ்வளவு கூட்டத்திலும் விழாது, உட்கார்ந்தால் குத்தாது, தூங்கும்போதும் கூடவே இருக்கும். ஹோல்ஸ்டர் செய்பவர்களின் நாலு கவலையும் அதில் தீர்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அது யாரிடமிருந்து மறைக்கிறது என்பது. பேருந்துத் திருடனிடமிருந்து மட்டுமல்ல. குடிக்கக் காசு தேடும் புருசனிடமிருந்து, கேட்டுக்கேட்டு வாங்கிப்போகும் மகனிடமிருந்து. வீட்டுக்குள்ளும் கழற்றாத மறைவு அது.

துப்பாக்கி உறையோ வீட்டுக்கு வந்ததும் கழற்றும் பொருள். அப்பாடா என்று ஆணியில் மாட்டிவிட்டு நைட்டிக்கு மாறுவாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கல்யாணம் செய்வதாகச் சொன்னவன். அவன் வரும்போது அவள் உறை அணிந்திருக்க மாட்டாள். வழிக்கென்று செய்த பொருள் அது, வீட்டுக்குச் செய்ததல்ல.

ஒரு கல்லூரி மாணவி என்னிடம் கேட்டாள்: “நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்க எங்கம்மா விடியக்காலம் மூணு மணிக்கு டார்ச்சைத் தலையில கட்டிட்டுப் போகுது. சமுதாயம் மாறுற வரைக்கும் பொறுங்கம்மான்னு சொல்லச் சொல்றீங்களாக்கா?”

சொல்ல முடியாது. கையில் மிளகாய்ப்பொடியோ மிளகு ஸ்பிரேயோ எது எட்டுகிறதோ எடுத்துக்கொண்டு போகட்டும். இன்றைய இருட்டை இன்றுதான் கடக்க வேண்டும். தற்காத்துக்கொள்ளும் உரிமையில் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் உரிமை கடமையாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பிரே கடையில் வந்துவிட்டால், அடுத்த முறை ஏதாவது நடக்கும்போது முதல் கேள்வி “ஏன் எடுத்துக்கிட்டுப் போகல?” என்பதாக இருக்கும். துப்பட்டா ஏன் போடவில்லை என்று கேட்ட அதே வாய்தான் கேட்கும். பயத்தை உண்டாக்கியவன் வெறும் மடியோடு நடப்பான், பயப்படுகிறவள் அரைக் கிலோ சுமப்பாள். இந்தச் சுமை விலாவில் குத்தாதபடி வளைத்துக் கொடுப்பதற்குத்தான் இதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குத்தாமல் போனால் சுமப்பது யார் என்ற கேள்வியும் மறந்துபோகும். அதனால் குத்தட்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வலி அவளுடையதாயிற்றே.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் இடுப்பில் துழாவிச் சில்லறை எடுக்கும் வேலை அந்தப் பேருந்துகளில் நின்றது. மடியிலிருந்து ஒரு கனத்தை ஊர் எடுத்துக்கொண்டது. அந்த மாணவியிடம் நான் சொன்னது இதைத்தான்: அம்மா மிளகாய்ப்பொடி எடுத்துக்கொண்டு போகட்டும். தோட்டத்துப் பாதையில் எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது, முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று நீ எழுதிக்கொண்டு வா, மனு போடுவோம். அவள் எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்பது கம்பம், இரண்டு விளக்கு. முதல் பேருந்து ஐந்தே காலுக்கு. பூப்பறிப்பு அதற்குள் பாதி முடிந்துவிடுகிறது.