நீரில் ஒடிந்த கோல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நாட்டு வழக்கு. விசாரணையின் சிறப்பை உணர்த்தும் நன்மொழியே இது. ஆயினும் கண்ணால் காண்பது உண்மையிலேயே பொய்தானா என்பதை நாம் சற்று நிதானித்து ஆராய வேண்டும். அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் எளிய சோதனைகளே போதுமானவை.

கண்ணாடிக் குவளையிலுள்ள நீரில் பென்சிலைச் சாய்த்து வைத்தால், நீர்மட்டத்தில் அது ஒடிந்ததுபோல் தோன்றும். கிண்ணத்தின் அடியில் நாணயத்தை இட்டு, விளிம்பு அதனை மறைக்கும்வரை பின்னே நகர்ந்து நின்றால், பிறரொருவர் நீர் ஊற்றியதும் மறைந்த நாணயம் மீண்டும் புலப்படும். பென்சில் ஒடியவுமில்லை, நாணயம் நகரவுமில்லை. வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டரே செல்கிறது. வேகம் மாறும் எல்லையில், சாய்வாக வரும் கதிர் திசை மாறுகிறது. இதுவே ஒளிவிலகல். இதன் கணக்கை 1621இல் டச்சு அறிஞர் ஸ்நெல் கண்டறிந்தார்.

ஆகவே கண் பொய் கூறவில்லை. கதிர் வந்த திசையை உள்ளவாறே அறிவிக்கிறது. அது வழிநெடுக நேராகவே வந்திருக்கும் என்று கொள்ளும் நமது துணிபே பிழைபடுகிறது. இவ்விதியை முற்றக் கற்றவர் நோக்கினும் கோல் ஒடிந்தே தோன்றும். அறிவு தோற்றத்தை மாற்றுவதில்லை. தோற்றத்தைக்கொண்டு நாம் செய்யும் முடிவையே திருத்துகிறது.

இது வெறும் வேடிக்கையன்று. நேர்மேலிருந்து நோக்கினால் 4 அடி ஆழமுள்ள தெளிந்த நீர் 3 அடியாகத் தோன்றும். கரையிலிருந்து சாய்வாக நோக்கினால் இன்னும் குறைந்தே தோன்றும். ஏரிகள் மிகுந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், ஆழம் குறைவென நம்பி இறங்கும் சிறுவனுக்கு இது உயிரைப் பற்றிய செய்தியாகும்.

அவ்வூரில் 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபேன் ஆலை தட்டைக் கண்ணாடி செய்து வருகிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடுவதால், அதன் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமைகின்றன. ஆய்வகத்தில் கண்ணாடிப் பட்டகத்தின் இருபுறமும் குண்டூசி குத்திப் பார்த்த மாணவர் இதன் பயனை அறிவர். முதற்பக்கத்தில் விலகிய கதிர், மறுபக்கத்தில் அதே அளவு எதிர்த்திசையில் விலகி, முதல் திசைக்கு இணையாகவே வெளிவரும். சன்னலின் வழியே நாம் காணும் தெளிவு, இவ்வாறு திருத்தப்பட்டு வந்த தெளிவேயாகும்.

ஒரகடம் சாலையில் ஓடும் கார்கள் பலவற்றின் பக்கக் கண்ணாடியிலும் ஒரு பாடம் உண்டு. அது குவியாடி. பரந்த இடத்தைக் காட்டுவதற்காகப் பொருள்களைச் சிறிதாக்கிக் காட்டும். ஆதலின், இதில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன என்று ஆங்கிலத்தில் அதன்மேலேயே பொறித்திருப்பர். தன் காட்சியின் எல்லையைத் தானே அறிவிக்கும் கண்ணாடி அது. நம் முன்னோர் ஒவ்வொரு கூற்றுடனும் 'ஸ்யாத்', அதாவது 'ஒரு வகையில்', என்று சேர்த்துரைக்கச் சொன்னதும் இத்தகைய அறிவிப்பேயன்றோ!

இதனால் எல்லாக் கருத்துகளும் சமமே என்று கொள்ளலாகாது. நாணயம் இருக்கும் இடம் ஒன்றே. நோக்கும் இடமும் ஒளிவிலகல் விதியும் தெரிந்தால் அதனைக் கணித்தறியலாம். எனினும் குவிலென்சு ஓர் எச்சரிக்கை தருகிறது. சுவரில் பிம்பம் விழும்போது லென்சின் பாதியைக் கருந்தாளால் மறைத்துப் பாருங்கள். பிம்பம் பாதியாகாது, முழுமையாகவே இருக்கும், ஒளி மட்டும் மங்கும். மறைப்பை அறியாதவர் குறையேதும் இல்லையென்றே கருதுவர்.

பாகப்பிரிவினையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நேர்வது இதுவே. தத்தம் மனத்தில் விழுந்த பிம்பம் முழுமையாக இருப்பதால், மற்றவர் பொய் சொல்வதாகவே இருவரும் எண்ணுகின்றனர். பிற நோக்குகளை அறவே மறுத்துத் தானே முழு உண்மையென நிற்கும் நோக்கைச் சமணச் சான்றோர் துர்நயம் என்றனர். பொய்யன் என்று ஒருவரைப் பழிக்குமுன், அவர் நிற்கும் இடத்தில் நின்று ஒருமுறை பார்ப்போமாக. மும்மணிகளுள் நற்காட்சி முதலாவதாக வைக்கப்பட்டுள்ளதை மறவாதிருப்போம்.