முதல் கேள்வி

பள்ளித் தோழர்களைப் பல ஆண்டு கழித்துப் பார்த்ததும் வாயில் முதலில் வருவது "இப்ப என்ன பண்றே?" என்பதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. பத்தாவது முடித்த கையோடு ஷூ கம்பெனி பஸ் ஏறியவர்கள் அவர்கள். தோலை மடித்துத் தைத்துத் தைத்து விரல்நுனி காய்த்துப் போயிருக்கும். அவர்கள் தைத்த ஷூ ஐரோப்பியத் தெருக்களில் நடக்கிறது. தம்பியின் காலேஜ் ஃபீஸும் தங்கையின் கல்யாணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தவை. எந்த மார்க் ஷீட்டிலும் இதற்கு இடமில்லை.

2019இல் இந்த ஊர்கள் இருந்த வேலூர் மாவட்டம் மூன்றானபோது, ஊரைவிட்டு நகராத பழைய தோழர்களும் வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். அந்த எல்லைக்கோட்டால் நட்புக்கு ஒரு கேடும் வரவில்லை. நம்முடைய அந்த முதல் கேள்விதான் ஆளை ஒதுங்க வைக்கிறது. "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று தொடங்கிப் பாருங்கள், தயங்கியவரும் பேசுவார்.

பள்ளித் தோழர்களின் அடுத்த சந்திப்பை ஷூ கம்பெனியின் வார விடுமுறையில் வையுங்கள். ஒரு நாள் லீவு என்றால் சிலருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். பத்தாவதோடு நின்றவர்களை வீட்டுக்கே போய் அழையுங்கள்.