சொல்லாமல் விட்ட பக்குவம்

சென்ற ரமளானில் திருவொற்றியூரில் பெண்களுக்காக நடந்த பயானின் முடிவில், திரைக்கு அப்பாலிருந்து கேள்விச் சீட்டுகள் வந்தன. ஜகாத் பற்றி நான்கு, தராவீஹ் பற்றி இரண்டு. ஏழாவது சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: "ஹஜ்ரத், பக்கத்து வீட்டு அக்கா நோன்புக் கஞ்சி காய்ச்சினால் தெருவே மணக்கும். பக்குவம் கேட்டேன், சொன்னார்கள். அதேபடி காய்ச்சினேன், அந்த ருசி வரவில்லை. மூன்று தடவை கேட்டாகிவிட்டது. எதையோ மறைக்கிறார்கள். இது மார்க்கத்தில் குற்றமா?"

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது வயதான குரல் ஒன்று, "சிரிக்காதீங்க ஹஜ்ரத், இதனாலே ரெண்டு வீடு பேசாம இருக்கு" என்றது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நம் பகுதியில் நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசல் அண்டாவில் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் ஊற்றுவதுதான் வழக்கம். அதற்கென்று 2001 முதல் தமிழக அரசும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்து வருகிறது. என்றாலும் வீட்டுக் கஞ்சி வீட்டுக் கஞ்சிதான். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், வசதி இருந்தால் கொஞ்சம் கொத்துக்கறி. சாமான் எல்லா வீட்டிலும் ஒன்றே. வெந்தயத்தை எப்போது போடுவது, பாலை ஊற்றிய பின் எவ்வளவு நேரம் அடுப்பில் விடுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வேற்றுமை. பல சமயம் மறைப்பது மனிதரே அல்ல. முப்பது வருடம் காய்ச்சிய கை எவ்வளவு உப்பை அள்ளுகிறது என்பது அந்தக் கைக்குச் சொந்தமான நாவுக்கே தெரியாது.

சரி, வேண்டுமென்றே மறைத்தால்? கல்வியை மறைத்தவருக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் இடப்படும் என்று வரும் ஹதீஸை இங்கே எடுத்துப் போடலாமா என்று ஒரு நண்பர் பிறகு என்னிடம் கேட்டார். கூடாது. அது ஒருவர் அவசியம் அறிய வேண்டிய மார்க்க அறிவைக் குறித்தது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். கஞ்சிக்கு அந்தக் கடிவாளத்தைப் பூட்டினால் நம் தெருவில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

ஆனால் அல்-மாஊன் அத்தியாயம் எனக்கு நினைவுக்கு வருகிறது. அற்பமான புழங்குபொருளைக் கூடக் கொடுக்க மறுப்போரை அது கண்டிக்கிறது. அந்தச் சொல்லுக்கு விளக்கமாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கோடரி, பானை, வாளி போன்றவற்றைக் குறிப்பிட்டதாகத் தப்ஸீர்களில் வருகிறது. பானையைக் கொடுக்க மறுப்பது பழிப்புக்குரியது என்றால், பானைக்குள் என்ன போடுவது என்று சொல்ல மறுப்பது என்ன? அதுவும் இதற்கு அண்டை வீடுதான் என்று என் உள்ளம் சொல்கிறது. ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது.

இன்னொன்றுக்கு ஆதாரம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவரல்லர் என்று அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. "சொல்ல முடியாது" என்பவர் கருமி, அவ்வளவுதான். "இவ்வளவுதான் பக்குவம்" என்று ஒன்றை விழுங்கிவிட்டுச் சொல்பவர் அந்த ஈரத் தானியக்காரருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்.

பக்குவத்தை விற்றுப் பிழைப்பவர் வழக்கு வேறு. 1962ல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகளெல்லாம் அரசுடைமையான பிறகு, அங்கிருந்த நம்மவர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சேர்த்த சொத்து அங்கேயே நின்றுவிட்டது. கையோடு வந்தது சமையல். அத்தோவும், வாழைத்தண்டு போட்ட மொய்ங்காவும் கடற்கரைப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றின! அந்த வண்டிக்காரரிடம் போய், "மாஊன்" என்று ஆயத்தை ஓதிக்காட்டி மசாலாக் கணக்கைக் கேட்பது அநியாயம். அது அவருடைய முதல்.

வீட்டுச் சமையல் அப்படி அல்ல. அதிலும் நோயாளிக்கும் துக்கம் அடைந்தவருக்கும் கொடுக்கிற உணவைப் பற்றி மார்க்கம் தனிக் கவனம் செலுத்துகிறது. ஹிஜ்ரி 8ல் முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களது குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, உறவினர் யாரேனும் இறந்து, கூடிய பெண்கள் கலைந்துபோன பின் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். தல்பீனா என்பது மாவில் காய்ச்சும் கஞ்சி. பிறகு தரீத் தயாரித்து அதன் மேல் அந்தக் கஞ்சியை ஊற்றிச் சாப்பிடச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளிக்கும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று தாம் நபியவர்களிடம் கேட்டதாகவும் சொல்வார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. எந்த நேரத்தில், யாருக்கு, எதன் மேல் ஊற்றி, எதற்காக என்று எதுவும் விடுபடாமல் அந்தச் சமையலறை நமக்குத் திறந்து வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

திருவொற்றியூர் சகோதரிக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகச் சொல்லும் அல்-ஹுஜுராத் ஆயத்தையும் ஓதிக்காட்டினேன். ஓதும்போது என் நாவு தடுமாறியது. அதன் காரணத்தை அன்று சபையில் சொல்லவில்லை.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். அத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா வெந்தயக் கஞ்சி வைப்பார். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அடுத்த வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு அம்மா இந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தபோது நான் சிறுவன். "குடும்பத்துப் பக்குவத்தைத் தெருவுக்குக் கொடுத்திட்டியே" என்று அத்தாவின் தாயார் கோபித்தார். அம்மா பதில் பேசாமல் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மா மௌத்தானார். அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, அந்தப் பெரியம்மா ஒரு தூக்கு நிறைய வெந்தயக் கஞ்சி கொண்டுவந்தார். முதல் வாயில் அம்மா இருந்தார். இரண்டாவது வாயில் ஏதோ ஒன்று குறைந்தது. உடனே என் மனத்தில் ஓடிய எண்ணத்தை வெட்கத்தோடு எழுதுகிறேன்: அம்மா எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார், மாமியார் ஏசியதற்குப் பயந்திருப்பார். மண்ணில் வைத்துவிட்டு வந்த கை காயவில்லை, அதற்குள் தாயின் மேல் தவறான எண்ணம். வேலூர் பாக்கியாத்தில் அத்தனை வருடம் ஓதியும் அந்த எண்ணத்தை நான்கு ஆண்டுகள் உள்ளே வைத்திருந்தேன்.

பயான் முடிந்த அடுத்த நாள் அஸருக்குப் பின் ராயபுரம் போய்ப் பெரியம்மாவிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "உங்கம்மா ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தா, நைனா. எங்க வீட்டுக்காரருக்குப் பூண்டு ஆவாது. அதான் ரெண்டே பல்லு போட்டுக் காய்ச்சறது. பழகிப்போச்சு."

வழியெல்லாம் இஸ்திக்ஃபார் செய்துகொண்டே வீடு வந்தேன். மறுவாரம் என் மனைவி போய் அவரிடம் உட்கார்ந்து கேட்டாள். ஆழாக்கு நொய்க்கு இரண்டு ஸ்பூன் வெந்தயம், முதல்நாள் இரவே ஊறவேண்டும். அரை மூடித் தேங்காய், இரண்டாம் பாலில் வேகவேண்டும், முதல் பால் இறக்கும்போது. பூண்டு எத்தனை பல் என்று மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாளாம்.

"எண்ணிப் போட்டதில்லம்மா. அவ மாமியா கை நிறைய அள்ளுவா."