அச்சத்தில் விளையும் நெருக்கமும் அறத்தில் நிலைக்கும் நம்பிக்கையும்: வேங்கடப் பாலையை முன்வைத்து

முன்னுரை

திகில் குறுநாடகங்களில் அடிக்கடி அமையும் கதைப்பின்னல் ஒன்றுண்டு. முன்பின் அறியாத சிலர் பாழடைந்த மாளிகையிலோ காட்டு விடுதியிலோ அகப்பட்டுக்கொள்கின்றனர். ஒருவர்பின் ஒருவராக மடிய, ஆணொருவனும் பெண்ணொருத்தியும் எஞ்சுகின்றனர். ஒருவரையொருவர் ஐயுற்ற அவ்விருவரும் விடியற்பொழுதில் கைகோத்து வெளியேற, நாடகம் நிறைவுறுகிறது. அவ்விரவில் பிறந்த நம்பிக்கை உண்மையானதா? அச்சம் நீங்கிய பின்னும் அது நிலைக்குமா? இவ்வினாக்களைச் சங்க அகமரபின் பாலைத்திணை கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேங்கடம் என்னும் களம்

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்வது இன்று எளிய பயணம். 1960-இல் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரியும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. சங்கப் புலவர்க்கோ வேங்கடம் தமிழ் நிலத்தின் வடவெல்லை. அதனைக் கடத்தல் மொழி வேறுபட்ட தேயத்துள் புகுதலாகும். மாமூலனார் அம்மலையைக் கள்வர் தலைவனாகிய புல்லியின் மலையாகக் காட்டுவார்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. இவற்றுள் விலங்கும் கள்வரும் பாலைவழியின் இயல்பான இடர்கள். ஆகவே திகில் நாடகக் களத்திற்கு நம் மரபில் நெருங்கிய இணை பாலையே எனலாம்.

அச்சமும் நெருக்கமும்

அச்சம் ஈர்ப்பை மிகுவிக்கும் என்பதற்கு உளவியல் சான்று உண்டு. 1974-இல் டொனால்டு டட்டன், ஆர்தர் ஆரன் ஆகிய இருவரும் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் நிகழ்த்திய ஆய்வு பரவலாக அறியப்பட்டது. உயர்ந்து அசையும் அப்பாலத்தில் ஒரு பெண்ணால் வினவப்பெற்ற ஆடவர், உறுதியான தாழ்ந்த பாலத்தில் வினவப்பெற்றோரைவிட மிகுதியாகப் பின்னர் அவளைத் தொலைபேசியில் அழைத்தனர். அச்சத்தால் எழுந்த படபடப்பை மனம் ஈர்ப்பாகக் கொள்ளக்கூடும் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். ஆயின் இவ்வாய்வு ஈர்ப்பைப் பற்றியதேயன்றி நம்பிக்கையைப் பற்றியதன்று.

இடுக்கண் வேளையில் உடனிருப்பவரைக் காப்பது பெரும்பாலும் தன்னைக் காப்பதுமாகும். அங்கே அறமும் ஆதாயமும் ஒருவழிப்படுகின்றன. கைவிடுதல் ஆதாயம் தரும் வேளையிலும் கைவிடாதிருத்தலே நம்பிக்கைக்குரிய அடையாளம்.

'இடுக்கணன்றோ மாந்தரை அளக்கிறது?' எனத் தடை எழலாம். கேடுங்கூட உற்றாரை அளந்தறியும் கோலாகும் என வள்ளுவர் நட்பாராய்தலில் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. தன்னுயிர்க்குக் கேடு வருமென்று அறிந்தும் பிறரைக் காப்பவன் அவ்வளவில் தன்னை மெய்ப்பிக்கிறான். எனினும் அளவுகோல் உள்ளதை அளக்குமேயன்றி இல்லாததைப் படைக்காது. மேலும், அஞ்சி ஓடுபவனை ஓரிரவே காட்டிக்கொடுத்துவிடும். ஓடாதவன் மறுநாள் எத்தகையன் என்பதை அவ்விரவு காட்டாது.

உடன்போக்கும் பிரிவும்

உடன்போக்கும் தலைவன் பிரிவும் ஆகிய இரண்டும் பாலையுள் அடங்கும். முன்னதில் தலைவி, தமரை நீத்துத் தலைவனொருவனையே துணையாகக் கொண்டு சுரம் கடக்கிறாள். பெரும்பதுமனாரின் குறுந்தொகைப் பாடலில் (7) கண்டோர் அவன் காலிற் கழலையும் அவள் அடியிற் சிலம்பையும் நோக்கி இரங்குகின்றனர். மணத்திற்குமுன் சிலம்பு கழிக்கும் வழக்கத்தை நோக்க, அச்சிலம்பு இன்னும் நிறைவேறாத வாக்கின் அடையாளமாகிறது. வழியில் இருவர்க்கும் இடர் ஒன்றே. ஆனால் அவன் பின்னர்க் கைவிடின் அவளுக்கே இழப்பு மிகுதி. நம்பிக்கையின் சுமை இருவர்மீதும் ஒத்தளவில் இல்லை என்பது கருதத்தக்கது.

மாமூலனாரின் அகநானூற்றுப் பாடல் (61) மற்றொரு நிலையைக் காட்டுகிறது. தலைவன் தனித்துச் சென்றுள்ளான். தலைவி மனையில் இருக்கிறாள். விழாச் சிறப்புடைய வேங்கடத்தையே பெறினும் அவன் அங்குத் தங்கிவிடான் எனத் தோழி தேற்றுகிறாள். இங்கே பகிர்ந்த அச்சம் இல்லை. கைபற்றி நடக்கும் துணையும் இல்லை. ஒருவர் காணாத இடத்தில் மற்றவர் எவ்வாறு ஒழுகுவார் என்பதே வினா. திகில் நாடகம் திரையிடும் இடத்திலேயே மாமூலனாரின் பாடல் தொடங்குகிறது.

பொய்யும் கரணமும்

காதலர் வாழ்வில் பொய்ம்மையும் தவறுகையும் தோன்றிய பின்னரே சான்றோர் கரணத்தை வகுத்தனர் என்பது தொல்காப்பியக் கற்பியற் கருத்து. தனிமையில் கூறிய சொல்லுக்கு ஊரறியும் சான்று வேண்டியதாயிற்று. இது காதலை இழித்ததன்று. காதலின் உறுதிமொழி உணர்ச்சி தணிந்த நாளிலும் பொறுப்பாக நிற்கவேண்டும் என்னும் அறவுணர்வின் வெளிப்பாடாகும். கரணமும் தன்னளவில் நம்பிக்கையைப் படைத்துவிடாது. கைவிடுவானை வினவும் உரிமையை மட்டுமே தரும். எஞ்சியதை ஒழுக்கமே நிரப்புதல் வேண்டும்.

முடிவுரை

அச்சம் இருவரை அருகில் கொணரும்; ஒருவரின் இயல்பை ஓரளவு வெளிப்படுத்தவும் செய்யும். அவ்வாறு பிறக்கும் காதலைப் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. முழு நம்பிக்கையெனக் கொள்ளுதலும் பொருந்தாது. அது நம்பிக்கைக்கான வாய்ப்பு மட்டுமே. உயிர் தப்பியோர் ஒருவர்க்கொருவர் கடன்பட்டிருப்பது நன்றியால் மட்டுமன்று. கடந்த இடர் மறந்துபோகும் இயல்பான நாள்களிலும் சொல் தவறாமையால் ஆகும். வேங்கடத்தைக் கடந்ததனால் அன்று, கடந்தும் மீண்டு வந்ததனாலேயே தலைவன் நம்பத்தக்கவன் ஆகிறான்.