குஞ்சின் குரலும் எமது செவியும்

மார்கழி மாதத்து மாலை ஒன்றில், குருமனைக் கோடிப்புறத்தில் குஞ்சுகளுடன் மேய்ந்து திரிந்த கோழியைக் கீரி கொண்டுபோயிற்று. குஞ்சுகளில் ஒன்றே எஞ்சியது. பொரித்து இரண்டு நாளும் ஆகாத அதனை ஒரு கடதாசிப் பெட்டியில் விட்டு, குறுணலும் தண்ணீரும் வைத்தோம். அது இரண்டையும் தொடாமல் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. "அது தீனுக்குக் கத்தேல்லைச் சுவாமி, தாயைத் தேடுது" என்றார் குசினியில் உதவிசெய்யும் அம்மா. அவர் வீடு சென்ற பின்னும் சத்தம் ஓயவில்லை. மறுநாட் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்த நான் பொறுமையிழந்து, பெட்டியைக் கடைசி அறையில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு, கதவையும் சாத்தினேன். சிறிது நேரத்தில் சத்தம் அடங்கிற்று. நித்திரையாகிவிட்டது என எண்ணிக்கொண்டேன். விடிந்து பார்த்தபோது குஞ்சு விறைத்துக் கிடந்தது.

ஒரு குஞ்சு ஓயாது கீச்சிடுவது ஏன்? பசி என்பதே எமது முதல் எண்ணம். ஆனால் பொரிப்பதற்குச் சற்று முன் மஞ்சட் கருவின் மிகுதியைக் குஞ்சு தன் வயிற்றினுள் இழுத்துக்கொள்கின்றது. இரண்டு மூன்று நாட்களுக்கு அதுவே அதனைத் தாங்கும். அதற்கு உடனே வேண்டியது சூடு. தாய்க்கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். புதுக் குஞ்சுக்கோ தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலிமை இல்லை. கோழி வளர்ப்போர் முதல் வாரத்தில் 35 பாகை அளவில் சூடு கொடுத்து, பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைப்பது இதனாலேயே. குளிரும் குஞ்சு முதலில் உரத்துக் கத்தும்; குளிர் மிஞ்சினால் சோர்ந்து மௌனமாகும். அந்த மௌனத்தையே நான் நித்திரை என்று எண்ணினேன்.

சூட்டோடு துணையும் அதற்கு வேண்டும். அடைகாக்கும் 21 நாட்களின் இறுதியில், ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு கீச்சிடத் தொடங்குகின்றது. தாயும் மெல்லக் குரல் கொடுக்கின்றது. 1953இல் கொலியஸ், ஜூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் குஞ்சுகளின் ஒலியைக் கருவிகொண்டு பதிந்து ஆராய்ந்தனர். துயரக் குரலின் சுருதி மேலிருந்து கீழே இறங்குவதையும், நிறைவடைந்த குஞ்சின் மெல்லிய குரல் கீழிருந்து மேலே ஏறுவதையும் அவர்கள் கண்டனர். எமது மொழியில் சொன்னால், ஓயாத அந்தக் கீச்சொலி "யாராவது இருக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்விதான்.

இனி, கேட்கும் தாயைப் பார்ப்போம். உயிரியலாளர் யாக்கோப் ஃபொன் உக்ஸ்குல் 1934இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை கூறப்பட்டுள்ளது. மறைவில் கட்டிவைத்த குஞ்சு கத்தினால், அதனைக் காணாமலே தாய் சிறகை விரித்துப் பாய்ந்து வரும். அதே குஞ்சைக் கண்ணெதிரே ஒலி புகாத கண்ணாடிக் கூண்டினுள் வைத்தாலோ, அது தவிப்பதைக் கண்டும் தாய் அசையாது. 1960இல் ஷ்லைட் என்பவரும் அவருடைய துணைவர்களும் செவிப்புலன் இழந்த வான்கோழிகளை ஆராய்ந்தபோது, அவை தம் சொந்தக் குஞ்சுகளையே பகையென எண்ணிக் கொத்திக் கொன்றன. தாய்மையே செவிவழியாகத்தான் அவற்றிடம் வருகின்றது.

கோழியை நாம் குற்றம் சொல்ல முடியாது. அதன் முன் கண்ணாடியை வைத்தவர் வேறொருவர். நாமோ எமது கண்ணாடியை நாமே வைத்துக்கொள்கிறோம்.

குரல் இன்ப துன்பத்தை மட்டுமே காட்டும், அது விலங்குகளுக்கும் உண்டு. நீதி அநீதியை எடுத்துரைக்கும் சொல்லோ மனிதனுக்கே உரியது என அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்ற நூலிலே பிரித்துக் காட்டினார். குஞ்சினால் "எனக்கு அநீதி செய்கிறாய்" என்று சொல்ல முடியாது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்பவனே தன் மனச்சாட்சியில் சொல்லிக்கொள்ள வேண்டும். எளியவனின் குரலை நீதியின் சொல்லாக மாற்றும் கடமை, சொல்லைப் பெற்றவனுடையது.

எமது வீடுகளில் நடப்பது என்ன? கேள்வி மேல் கேள்வி கேட்கும் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுக்கிறோம்; வீடு அமைதியாகின்றது. படுக்கையிலிருந்து பத்துத்தரம் கூப்பிடும் முதிய தாயின் அறைக்கதவைச் சாத்துகிறோம். சில நாட்களில் அவர் கூப்பிடுவதை விட்டுவிடுகின்றார். "இப்ப அம்மா கரைச்சல் தாறதில்லை" என்று வெளிநாட்டிலுள்ள சகோதரருக்கு மகிழ்ச்சியோடு சொல்கிறோம். சத்தம் நின்றுவிட்டது; குளிர் நிற்கவில்லை.

எல்லா அழுகைக்கும் இணங்கத்தான் வேண்டுமா என்று களைத்துப்போன தாய்மார் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு, பதில் கொடுப்பது வேறு. பிள்ளைக்கு "இல்லை" என்று சொல்வதும் பதில்தான், அருகில் இருந்து அதைச் சொன்னால். கீச்சிடும் குஞ்சுக்குத் தாய்க்கோழி பெரிதாய் எதனையும் கொண்டுவருவதில்லை. குரல் கொடுத்து, சிறகைச் சற்று உயர்த்துகின்றது. குஞ்சு உள்ளே புகுந்து அடங்கிவிடுகின்றது. அப்படி அடங்குவதற்கும் சாக்கின் கீழ் அடங்குவதற்கும் உள்ள தூரம் பெரிது. வெளியிலே நின்று கேட்பவனுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோலிருக்கும்.

யெருசலேமைக் குறித்துக் கலங்கிய ஆண்டவர், தம்மைச் சிங்கத்துக்கோ கழுகுக்கோ ஒப்பிடாமல், குஞ்சுகளைச் சிறகடியில் சேர்க்கும் கோழிக்கே ஒப்பிட்டார். மத்தேயுவும் லூக்காவும் அதனை எழுதிவைத்துள்ளனர். கோழி வளர்த்த எமது குடும்பங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இன்றிரவு செபமாலை முடிந்து படுக்கைக்குப் போகுமுன், வீட்டில் உள்ளவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உரத்துக் கத்துபவரைத் தேட வேண்டியதில்லை; அவர் தாமே அறிவித்துவிடுவார். அண்மைக்காலத்தில் சத்தமின்றிப் போனவர் யார் என்று பாருங்கள். அந்த அறையின் கதவைத் திறந்து, சற்று நேரம் அவருடன் இருங்கள்.