தூண் மாறியவர்கள்

மண்ணூர்பேட்டையில் நமக்கு ஒரு கிறிஸ்தவ நண்பர் உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். ஞாயிறு காலையில் வேதப் புத்தகத்துடன் தேவாலயத்திற்குப் போவார். மாலையில் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவார். ஒரு நாள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். சபையார் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, இயேசுநாதரை இறைமகன் என்னும் இடம் வந்ததும் தம் வாய் தானாக மூடிக்கொள்கிறதாம். இருபது ஆண்டுகளாக இப்படித்தானாம். “பாய், நான் போடுவது வேஷமா?” என்று கேட்டார்.

உண்மையை மறைப்பானேன்? ‘அப்படியானால் எங்களிடம் வந்துவிட வேண்டியதுதானே’ என்பதே நம் நாவின் நுனிவரை வந்த விடை. ஆயினும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு. அவருடைய மனைவி மறைந்த அன்று, கொட்டும் மழையில் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் அச்சபையார். மகளுக்கு மணம் பேசி முடித்தவர்களும் அவர்களே. அந்தத் தோள்களுக்குத் தாம் துரோகம் செய்கிறோமோ என்பதுதான் அவருடைய உறுத்தல்.

இக்கேள்வி சென்னைக்குப் புதிதன்று. நம் பேட்டையிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய புரசைவாக்கத்தில் இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. திருவேங்கடம் என்ற தமிழர், இங்கிலாந்து சென்று கிறிஸ்தவராகி, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயருடன் திரும்பினார். லிண்ட்ஸே முதலிய ஆங்கில அறிஞர்களின் நூல்களைப் படித்துத் திரித்துவக் கொள்கையைக் கைவிட்டார். ஏசுவின் வழியை மட்டும் கைவிடவில்லை. 1795இல் இறைவன் ஒருவனே எனக் கொள்ளும் கிறிஸ்தவ சபையொன்றைச் சென்னையில் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்கு ஆலயம் எழுந்தது. திரித்துவத்தை மறுப்பது குற்றமென்ற பழைய சட்டத்தை இங்கிலாந்து நீக்கியதும் அதே 1813இல்தான்!

அவர் நினைத்திருந்தால் வீட்டு மூலையில் தனித்திருந்து தமக்குப் பிடித்தவாறு துதித்திருக்கலாம், தடுப்பார் யார்? ஆனால் தமிழில் வழிபாட்டு நூல் ஆக்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க எளியவர்களைக் கூட்டினார். அகீதா மனிதனின் நெஞ்சுக்குள் தனியே நிற்கக்கூடியது. ஜனாஸாவைத் தனியே தூக்க முடியாது. இதை அவர் அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறோம்.

நம் வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பஸராப் பள்ளியில் இமாம் ஹஸனுல் பஸரீ (ரஹ்) அவர்களின் பாடவட்டத்தில், பெரும்பாவம் செய்தவன் முஃமினா, காஃபிரா என்ற வினா எழுந்தது. இமாம் வாய் திறக்குமுன் மாணவர் வாஸில் இப்னு அதா, “இரண்டுமல்லன், இடைநிலையில் உள்ளவன்” என்றார். (‘ரா’ என்ற எழுத்து நாவில் வராத அவர், அவ்வெழுத்தே கலவாமல் நெடும்பிரசங்கம் செய்ய வல்லவராம், அது தனிக்கதை.) சொன்னவர் எழுந்து போனார். எங்கே? அதே பள்ளியின் வேறொரு தூணடிக்கு. நம்மைவிட்டு ஒதுங்கிவிட்டார் என இமாம் கூறியதிலிருந்தே முஃதஸிலா என்ற பெயர் பிறந்ததாக வழக்கு. மத்ரஸாவில் இதைப் பாடமாக ஓதிய காலத்தில், வாஸிலின் பிழை இன்னதென்பதையே நாம் மனனம் செய்தோம். அவர் பள்ளியைவிட்டு வெளியேறவில்லை, வெளியேற்றப்படவுமில்லை என்பது நரைத்த பிறகே நம் கண்ணில் பட்டது.

இதனால் கொள்கை எதுவாயினும் ஒன்றே என்பாரோடு நாம் சேர மாட்டோம். வாஸில் கூறியது தவறென்றே இன்றும் பாடம் சொல்கிறோம். ஆனால் கிப்லாவை நோக்குவோரைக் காஃபிரென்று சொல்லாமல் நாவைக் காக்கும்படி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எச்சரித்திருக்க, மஸ்அலாவில் மாறுபட்டவனின் மையித்துக்குக் கப்ருஸ்தான் கதவைச் சாத்துமளவு துணியும் ஜமாஅத்தார் நம்மிடையே உண்டே! அவர்களை நினைக்கையில் பஸராவின் அந்த இரண்டாம் தூண் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நண்பருக்கு நாம் சொன்னது இதுதான்: நெஞ்சில் இல்லாததை நாவால் சொல்பவனே முனாஃபிக். நீங்கள் இல்லாததைச் சொல்லவில்லை. அவ்விடத்தில் வாய் மூடுகிறீர்கள். ஆகவே அது நிஃபாக் அன்று. ஆயினும் ஒரு கடன் நிற்கிறது. உங்களைச் சுமக்கப்போகிறவர்கள் யாரைச் சுமக்கிறோம் என்று அறிய வேண்டாமா? உங்கள் ஆயரிடமேனும் சொல்லிவிடுங்கள்.

“சொன்ன பிறகு என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. நம் பள்ளியில் ஒருவர் எழுந்து இவ்வாறு சொன்னால் நாம் சேர்த்துக்கொள்வோமா என்று அவர் திருப்பிக் கேட்காதது அவருடைய பெருந்தன்மை. அடுத்த ஞாயிறன்றும் வழக்கம்போலப் புத்தகத்துடன் நம் வாசலைக் கடந்து போனார். ஆயரிடம் சொன்னாரா என்று இதுவரை நாம் கேட்கவில்லை.